ரோஷினியின் முதுகில் இருந்த விலாசம்

பிரசவ ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவேட்டோடு கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்த நர்ஸ், வீட்டு விலாசம் சொல்லும்மா என்று பூங்காவனத்திடம் மூன்று தரம் கேட்டாள். ரெட்டைக்கிணறு தெரு, பூண்டு மண்டிக்கு எதிர் பிளாட்பாரம் என்று பூங்காவனமும் மூன்று தரம் சொன்னாள். பிளாட்பாரத்தையெல்லாம் எழுத முடியாது, கதவு நம்பர் வேண்டும் என்று நர்ஸ் பேனாவை மூடப்போன சமயத்தில், பிறந்து நாலு மணி நேரமே ஆன பெண் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா அதைக் குப்புறப் புரட்டிவிட்டு, "இங்க எழுதிக்கீதே" என்றாள்.

தோள்பட்டைகளுக்குக் கீழே, மச்சத்தின் நிறத்தில், போர்டு எழுதுகிறவர் கோடு போட்டு எழுதியது போல நான்கு வரிகள் இருந்தன. எண் 7, இரண்டாம் மாடி. ஊ பிளாக். நல்வாழ்வு நகர். கடைசி வரியில் ஆறு இலக்கத்தில் பின்கோடு.

"விலாசத்த வச்சிகிட்டே இல்லன்னு சொல்றியே, எனக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சியா?" என்று கடிந்துகொண்டே நர்ஸ் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். பூங்காவனத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆயாவிடம் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு இன்னொரு தரம் கேட்டாள், கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

ரெட்டைக்கிணறு தெருவில் அப்போது நாற்பத்தோரு குடும்பங்கள் இருந்தன. மண்டிகளுக்குப் பூண்டு உரிக்கிறவர்கள், மிளகாய் காம்பு கிள்ளுகிறவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், காகிதம் பொறுக்குகிறவர்கள். பாதிப் பேர் அந்த நடைபாதையிலேயே பிறந்தவர்கள். அவர்களில் யாரும் குழந்தையின் முதுகைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து இடத்துக்காரி மைமூன் கண்ணுக்கு அருகில் தூக்கிவைத்துப் பார்த்துவிட்டு, எழுத்து நேராக இருக்கிறது, நல்ல கை என்றாள். தபால்காரர் மட்டும், அப்படி ஒரு நகரே இந்தப் பட்டணத்தில் கிடையாது, அந்தப் பின்கோடு இன்னும் திறக்கப்படவே இல்லை என்று சொன்னார். அதற்கும் யாரும் கலங்கவில்லை. குழந்தை முன்னால் வந்துவிட்டது, வீடு பின்னால் வரும், சில குடும்பங்களில் அப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

குழந்தைக்கு ரோஷினி என்று பேர் வைத்தது பூங்காவனத்தின் தங்கை கஜலட்சுமி. அப்பன் குழந்தை பிறப்பதற்கு முன்பே லாரியில் கிளீனராகப் போய் அந்த லாரியோடு எங்கேயோ நின்றுவிட்டவன், பேர் வைக்க அவன் இல்லை. கஜா அக்காவைவிட ஒன்பது வயது இளையவள். ஆத்தாளும் அப்பனும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபோது கஜாவுக்கு நாலு வயது, அன்றிலிருந்து அவளுக்குப் பேன் பார்த்ததும் சோறு பிசைந்து கொடுத்ததும் அழைத்துப் போய் விடுதியில் சேர்த்ததும் பூங்காவனம்தான். விடுதியில் இவளுக்குப் பக்கத்தில் பாய் போட யாரும் வரமாட்டார்கள். லீவுக்கு வந்துபோன உடுப்பில் வாசம் அடிக்கிறதென்று பூண்டு, பூண்டு என்றே கூப்பிட்டார்கள். அதைக் கஜா அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

முதலில் குழந்தையைக் கடன் கேட்டவள் மைமூன். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விலாசம் வேண்டும் என்றார்கள், ஒரு மணி நேரம் குடு, பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் சட்டையைத் தூக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். அடுத்து வீராசாமியின் முதியோர் பென்ஷன், அடுத்து ரேஷன் கார்டு, அடுத்து ஓட்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் குழந்தையின் கண்ணைத் துணியால் மூடி, கண்ணாடியின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஆபீஸ்களில் அந்தப் பிரதியின் மேல் பச்சை மையில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. ஒரே வீட்டிலா இத்தனை பேர் என்று ஒரு கிளார்க் கேட்டதற்கு, கூட்டுக் குடும்பம் சார் என்றார் வீராசாமி, கிளார்க் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று வருஷத்துக்குள் நாற்பத்தோரு குடும்பங்களும் எண் ஏழுக்குக் குடிபோய்விட்டன, காகிதத்தில்.

குழந்தை வளர எழுத்தும் கூடவே வளர்ந்தது. பூங்காவனம் அவளுக்குப் பின்னால் கொக்கி வைத்த சட்டையாகவே தைக்கக் கொடுத்தாள். உச்சி வெயிலில் விளையாட விடமாட்டாள், முதுகில் ஒரு தட்டு தட்டியவரோடும் சண்டைக்குப் போவாள். ஒரு கோடையில் அம்மை வார்த்து, சரியாக ஏழின் மேல் ஒரு முத்து விழுந்து, அது பார்க்க ஒன்று மாதிரி ஆகிவிட்டது. அது இறங்கும் வரைக்கும் பத்து நாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு மனுவும் போகவில்லை. தபால்காரர் வந்தால் குழந்தையைத் திரும்பி நிற்கச் சொல்லி, உறையையும் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுக் கடிதங்களைக் கொடுப்பார்.

இதற்குள் அவர்கள் அந்த வீட்டில் மனதால் குடியேறிவிட்டார்கள். ஜன்னல் பக்கம் தனக்கு என்று மைமூன் சொல்ல, அது எங்களுக்கு என்று மிளகாய்க்காரிகள் சொல்ல, இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறுவது எப்படி என்று வீராசாமி இப்போதே கவலைப்பட்டார். யாரோ ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, வீடு வரும்வரை இங்கே இருக்கட்டும் என்று மண்டிக் கதவின் கொக்கியில் மாட்டினார்கள். பூங்காவனம் எதுவும் வாங்கவில்லை. பூண்டு உரிக்கையில், உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு மனுஷர் கண்ணில் படாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை நினைத்துக்கொள்வாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ரோஷினிக்கு ஐந்து வயது நடந்தபோது கஜா படிப்பை முடித்து, அரசாங்கத்தின் 'ஆளுக்கொரு கதவு' திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். கழுத்தில் அட்டை தொங்க, கையில் பாரங்களோடு அவள் ரெட்டைக்கிணறு தெருவுக்கே வேலைக்கு வந்த அன்று, பிளாட்பாரத்தில் பாயை உதறி விரித்து அவளை உட்காரவைத்தார்கள்.

"நல்வாழ்வு நகர் கட்டிகிட்டு இருக்காங்க" என்றாள் கஜா. "நானே பாத்துட்டு வந்தேன். ஊ பிளாக் ரெண்டாவது மாடி வரைக்கும் வந்துடுச்சு."

வீராசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வீடில்லாதவங்க ஒருத்தர்கூட இந்த வட்டத்துல இருக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. எல்லாரும் இந்த பாரத்துல ஒரு கையெழுத்து, இல்ல கைரேகை."

படிக்கத் தெரிந்தவள் மைமூனின் மகள் ஒருத்திதான். அவள் படித்துக் காட்டினாள்: மேற்படி முகவரியில் நாங்கள் வசிக்கிறோம்.

"வசிக்கிறோமா?" என்றாள் மைமூன். "இன்னும் போவவே இல்லியே கஜா. வசிப்போம்னுதானே எழுதணும்?"

"வசிப்போம்னு போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது மைமூனக்கா."

"இல்லடி, எங்கனா மாட்டிக்கப் போறோம்."

பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தவள் பூங்காவனம். "யாரு எழுதினு வந்துக்கீறது? எவனோ ஒருத்தனா? நான் வளத்த பொண்ணு. இந்த எடத்துல எறும்பு கடிச்சு அழுத பொண்ணு. அவ நம்பள மாட்டிவிடுவாளா?" என்று சொல்லி, முதல் ஆளாகக் கட்டைவிரலை மையில் தேய்த்து அழுத்தினாள். அப்புறம் மைமூனின் கையைத் தானே பிடித்து வைத்தாள். அன்று மத்தியானத்துக்குள் நாற்பத்தோரு ரேகைகள் விழுந்தன. தயங்கினவர்கள் கையையெல்லாம் பூங்காவனமே பிடித்துக் கொடுத்தாள். கஜா பாரங்களை அடுக்கினாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ரோஷினியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பத்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு லாரிகளும் ஒரு ஜீப்பும் வந்தன. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி குரல் உயர்த்தாதவர். பட்டியலை விரித்து, மைமூன், எண் ஏழு, இரண்டாம் மாடி, ஊ பிளாக், நல்வாழ்வு நகர் என்று படித்தார். வீராசாமி, எண் ஏழு, இரண்டாம் மாடி, ஊ பிளாக், நல்வாழ்வு நகர் என்று படித்தார். நாற்பத்தோரு பேரையும் அப்படியே படித்தார், நாற்பத்தோரு தரமும் விலாசத்தை முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "எல்லாருக்கும் வீடு இருக்குதே, இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"சாவி குடுக்கலியே சார்" என்றார் வீராசாமி.

"வசிக்கிறோம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. போன வெள்ளிக்கிழமையோட இது வீடற்றோர் இல்லாத வட்டம். அறிவிப்பு வந்தாச்சு. இனிமே இங்க யாராவது படுத்தா அது ஆக்கிரமிப்பு."

பாய்களும் பாத்திரங்களும் கடிகாரமும் லாரியில் ஏறின. எல்லாரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவள் மைமூனின் போனை வாங்கிக் கஜாவுக்கு அடித்தாள், அது அணைந்திருந்தது. மறுபடி அடித்தாள். "எங்கியோ தப்பு நடந்துகீது. அவளுக்குத் தெரியாம நடந்துகீது" என்றாள். "நான் போய் வூட்டப் பாத்துட்டு, கஜாவையும் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் எதிர்ல மேம்பாலத்துக்குக் கீழ இருங்க."

"சீக்கிரம் வந்துடு" என்றாள் மைமூன்.

ரோஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவனம் கிளம்பினாள். நல்வாழ்வு நகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. கடைகள் முடிந்து, வயல் முடிந்து, சதுப்பு நிலத்தில் நாரை நிற்கிற இடமும் முடிந்த பிறகு, ஒரே உயரத்தில், ஒரே மஞ்சளில், தோரணம்கூட இன்னும் அவிழ்க்காத கட்டடங்கள் நின்றன. ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ரோஷினி சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். தன் முதுகை அவள் தன் கண்ணால் பார்த்ததில்லை. ஊ பிளாக்கின் இரண்டாம் மாடியில், நீல வண்ணக் கதவின் முன்னால் நின்று, "எண் ஏழு. அம்மா, இதானே என் மேல கீது?" என்றாள்.

பூங்காவனம் கதவைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகுதான் பூட்டு தொங்கவில்லை என்று பார்த்தாள். தட்டினாள்.

திறந்தது கஜா. தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள்.

இரண்டு பேரும் அப்படியே நிற்க, ரோஷினி இடையில் புகுந்து உள்ளே ஓடினாள். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல் மேடை, சதுப்பு நிலத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். குழாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "அம்மா, நான் எங்க கீறேன் சொல்லு!" என்று கத்தினாள்.

"யார் பேர்ல கீது வூடு?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"ரோஷினி பேர்லதான். அவ முதுகுல இருக்கறத வேற யாருக்கும் குடுக்க முடியாது. நான் காப்பாளர்."

"அப்ப நானு?"

கஜாவின் கண் சமையல் மேடைப் பக்கம் போனது. மேடையின் மேல் ஒரு கோப்பு இருந்தது. பூங்காவனம் அதை எடுத்து, குளியலறையிலிருந்து வெளியே வந்த மகளிடம் நீட்டினாள். ரோஷினி தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "தா...ய். தாய். இ...ரு...ப்...பி...டம். இருப்பிடம். தெ...ரி...ய...வி...ல்...லை." படித்து முடித்துவிட்ட பெருமையில் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியலியா கஜா?" என்றாள் பூங்காவனம். "நான் எங்க கீறேன்னு உனக்குத் தெரியலியா? நீ பொறந்த எடம்டி அது."

"ஒரு விலாசத்துக்கு ஒரு சாவின்னுட்டாங்க அக்கா. நீ தாய்னு எழுதினா உன்கூட நாப்பது குடும்பமும் சேர்ந்து வருது, கூட்டுக் குடும்பம்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. தகராறு உள்ள வீடுன்னு காப்பாளர் பொறுப்ப எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. நான் எடுக்கலன்னா அவன் எடுத்திருப்பான்."

"அந்த லிஸ்ட்டு? எல்லாருக்கும் வூடு இருக்குதுன்னு படிச்சாரே, அதுல யாரு கையெழுத்து?"

"என்னுது." கஜா தலைத்துண்டை அவிழ்த்து மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். "வட்டத்த முடிச்சுக் குடுத்தா வேலை நிரந்தரம்னாங்க. ஹாஸ்டல்ல என்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா? பன்னெண்டு வருஷம் ஒருத்தி என் பக்கத்துல படுக்கல அக்கா. எனக்கு ஒரு கதவு வேணும்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணு."

பூங்காவனத்தின் கை எழுந்தது. அந்தக் கையால்தான் இந்தத் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள். முடிச்சு விழாமல் சிக்கெடுத்திருக்கிறாள். கை அந்தரத்திலேயே நின்று, மெல்ல இறங்கியது. அடித்திருந்தால் பரவாயில்லை என்று பிற்பாடு இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள், தனித்தனியாக.

"இன்னிக்குச் சரிபார்க்க வராங்க" என்றாள் கஜா, வாசலைப் பார்த்துக்கொண்டே. "குழந்த இங்க இருக்கணும். இல்லன்னா சீல் வச்சிடுவாங்க. அவளக் கூட்டிட்டு வர நானே கெளம்பிட்டுதான் இருந்தேன்."

அதற்குப் பூங்காவனம் பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞன் வந்தான், களைத்திருந்தான், அது அவனுக்கு அறுபதாவது வீடு. ரோஷினியைத் திரும்பி நிற்கச் சொல்லி, கொக்கியை அவிழ்த்து, முதுகைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், முதுகைப் பார்த்தான். சரி என்று விரலால் தட்டினான். அப்புறம்தான் சுவரோரம் நின்றவளைக் கவனித்தான்.

"இவங்க யாரு?"

ரோஷினி குழாயிடம் ஓடிப்போய், "அம்மா, இங்க வாயேன், தண்ணி வந்துகினே கீது" என்று கூப்பிட்டாள்.

"அம்மாவா?" என்றான் இளைஞன். விரல் டேப்லெட்டின் மேல் நின்றது.

அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கஜாவின் வேலை போகும், அட்டை போகும், இந்தக் கதவும் போகும். பூங்காவனத்துக்கு அதைச் சொல்ல ஆசையாக இருந்தது, பசி மாதிரி அவ்வளவு ஆசையாக இருந்தது. மகள் குழாய்க்கு அடியில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"சின்னப் பொண்ணு சார்" என்றாள் பூங்காவனம். "எல்லாரையும் அப்டிதான் கூப்புடும்."

அவன் போன பிறகு கஜா அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீயும் இங்கேயே இருந்துவிடு அக்கா, யாராவது கேட்டால் வேலைக்கு வருகிறவள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். பூங்காவனம் காலை விடுவித்துக்கொண்டாள்.

"முதுகுல சோப்பு போட்டுத் தேய்க்காத, வேர்க்குரு வந்தா சந்தனம் வை" என்றாள். "உனக்கு வாசன புடிக்குதோ இல்லியோ, அவளுக்கு பூண்டு ரசம் இல்லாம சோறு எறங்காது. வச்சுக் குடு." இதற்கு மேல் அவள் தங்கையிடம் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

வாசல் வரைக்கும் வந்த ரோஷினி, "நீ எப்ப வருவ?" என்று கேட்டாள்.

"கதவ சாத்திக்கோ" என்றாள் பூங்காவனம். குழந்தை ஆசையாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் மேம்பாலத்துக்கு வந்து சேர்ந்தாள். தெருவின் அந்தப் பக்கம் அவர்கள் இருந்த நடைபாதையில் இரும்புக் கம்பி நட்டு, பூந்தொட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம், தூண்களுக்கு நடுவில், நாற்பது குடும்பங்களும் மிச்சமிருந்த மூட்டைகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவள் தனியாக வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு மைமூன் எழுந்தாள்.

"வூடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"புள்ள எங்க?"

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "அவ வூட்ல கீறா" என்றாள். சொல்லும்போதே அது அவர்கள் காதில் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படித்தான் விழுந்தது. மிளகாய்க்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீராசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப நீ எதுக்குடி இங்க வந்த?" என்று கேட்டாள் மைமூன்.

பூங்காவனம் எல்லாவற்றையும் சொன்னாள். கஜா போட்ட கையெழுத்தைச் சொன்னாள், இருப்பிடம் தெரியவில்லை என்று எழுதியதைச் சொன்னாள், அந்தப் பையன் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். கடைசியில், "உங்க கைய புடிச்சு ரேகை வச்சது நானு" என்றாள்.

நம்பினார்களோ இல்லையோ, யாரும் திட்டவில்லை. யாரும் நகர்ந்து இடம் விடவும் இல்லை. வாகனங்கள் பாலத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தன. பூங்காவனம் கடைசித் தூணுக்கு அந்தப் பக்கம், பாலத்தின் நிழலும் முடிந்துபோகிற இடத்தில், தார்ச்சாலையின் ஓரமாகப் புடவைத் தலைப்பை விரித்து உட்கார்ந்தாள். மைமூன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தன் மூட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.